‘கெட்’ என்ற ஆங்கில வினை நம்முடைய ‘கிட்டு’க்கு உறவா?

பிப்ரவரி 4

வாசகர் ஒருவரின் கேள்வியை அவர் எழுதியபடியே முதலில் தருகிறேன். “ஆங்கிலக் கட்டுரையில் ‘கெட்’ என்ற வினையை எழுதக் கூடாது, அது சோம்பேறிகளின் சொல் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கோ அந்தச் சொல் நம்முடைய ‘கிட்டு’ என்பதிலிருந்து போனதாகவே தோன்றுகிறது. பொருளும் ஒன்று, ஒலியும் ஒன்று. இதை மறுக்க முடியுமா?”

மறுக்க முடியும். இரண்டு சொற்கள் இன்று ஒன்றுபோல ஒலிப்பது உறவுக்குச் சான்றாகாது. அவை முன்பு எப்படி ஒலித்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும். மொழியியலாளர்களான ராஸ்முஸ் ராஸ்க் 1818இலும் யாக்கோப் கிரிம் 1822இலும் விளக்கிய ஒலிமாற்ற விதி இங்கே உதவுகிறது. அதன்படி, நம் ‘தசம்’ என்பதன் முதலொலி போன்ற மெலிந்த தகரம் லத்தீனில் வரும் இடத்தில் ஆங்கிலத்தில் வல்லொலியான டகரம் நிற்கும். லத்தீனில் ‘துவோ’ என்றால் ஆங்கிலத்தில் ‘டூ’. ‘தெகெம்’ என்றால் ‘டென்’. உண்ணுதலைக் குறிக்கும் ‘எதெரே’ என்றால் ‘ஈட்’. சொல்லின் முதலில் லத்தீனில் ஹகரம் வந்தால் ஆங்கிலத்தில் ககரம் வரும்: அயலானைக் குறித்த லத்தீன் ‘ஹோஸ்டிஸ்’ என்பதும் விருந்தினரைக் குறிக்கும் ஆங்கில ‘கெஸ்ட்’ என்பதும் ஒரே வேரின் கிளைகள். ஆகவே ‘கெட்’ என்பதற்கு லத்தீனில் உறவு தேடுகிறவர் ஹகரத்தில் தொடங்கி மெலிந்த தகரத்தில் முடியும் ஒரு சொற்பகுதியைத் தேட வேண்டும். பற்றிப் பிடித்தலைக் குறிக்கும் ‘ப்ரெஹெந்தெரே’ என்ற வினைக்குள் ‘ஹெந்த்’ என்று அது அப்படியே இருக்கிறது. ‘கெட்’ என்பதைப் பின்னோக்கிக் கொண்டுசெல்லச் செல்ல அது ‘கிட்டு’ என்பதை விட்டு விலகிக்கொண்டே போகிறது.

‘கிட்டு’ என்பதன் முதற்பொருளும் வேறு. கிட்டுதல் என்றால் நெருங்குதல். ‘கிட்ட வா’ என்பதில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம்மை நெருங்கி வந்த பொருள் கிட்டிய பொருள். ஆங்கிலச் சொல்லின் அடியிலோ கை இருக்கிறது, பிடி இருக்கிறது. ஒன்று பொருள் நம்மிடம் வருவதைச் சொல்கிறது. மற்றது நாம் பொருளைப் பற்றுவதைச் சொல்கிறது.

பிப்ரவரி 4, இரவு

சோம்பேறிகளின் சொல் என்ற பகுதிக்கு நான் பதில் எழுதவில்லை. அதற்கு நிதானமாக வர வேண்டும். பள்ளிக் காலத்தில் என் கட்டுரைகளிலும் அந்தச் சொல்லின் கீழே சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது. ‘அப்டெய்ன்’, ‘ரிசீவ்’, ‘அக்வயர்’ என்று மாற்றி எழுதினால் மதிப்பெண் கூடியது. ஏன் கூடியது என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 6

‘கெட்’ ஆங்கிலத்துக்குள் பிறந்த சொல்லே அன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அது சுமார் 1200ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்தில் தென்படுகிறது. வந்த வழி, ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘கெத்த’ என்ற வினை. 793இல் லிண்டிஸ்பார்ன் மடத்தைத் தாக்கியபோது கொள்ளையராக வந்தவர்கள், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி உழவர்களாகவும் அண்டை வீட்டாராகவும் ஆனார்கள்; 1016இல் அவர்கள் இனத்தவரான கனூட் இங்கிலாந்தின் அரசராகவே ஆனார். அண்டை வீட்டாரிடமிருந்து வருகிற சொற்கள் அன்றாடச் சொற்களாகத்தான் இருக்கும். எடுத்தலுக்கு ‘டேக்’, அழைத்தலுக்கு ‘கால்’, இறத்தலுக்கு ‘டை’, அவர்கள் என்பதற்கு ‘தே’ ஆகியவை அவர்கள் விட்டுச் சென்றவை. ‘அவர்கள்’ என்ற சொல்லையே ஒரு மொழி பிறரிடமிருந்து வாங்கிக்கொண்டது என்றால், அந்த இரு மக்களும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இதற்கு ஒலியிலும் ஒரு தடயம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் எகர, இகரங்களுக்கு முன் வந்த ககரம் யகரமாக மெலிந்துவிட்டது. மஞ்சளை ஜெர்மானியர் ‘கெல்ப்’ என்கிறார்கள், ஆங்கிலேயர் ‘யெல்லோ’ என்கிறார்கள். நேற்று என்பது அங்கே ‘கெஸ்டர்ன்’, இங்கே ‘யெஸ்டர்டே’. அந்த ஒழுங்கின்படி ‘கெட்’ இன்று ‘யெட்’ என்றுதான் ஒலிக்க வேண்டும். ககரம் வன்மையாக நிற்பதே அது வடகடல் தாண்டி வந்தது என்பதற்கு அடையாளம்.

ஊகித்தலைக் குறிக்கும் ‘கெஸ்’ என்ற சொல்லும் இதே ‘கெத்த’விலிருந்து வந்ததுதான்.

பிப்ரவரி 7

நேற்றைய குறிப்பில் இரண்டு திருத்தங்கள்.

‘கெஸ்’ என்பது ‘கெத்த’விலிருந்து நேராக வந்ததாக எழுதியது தவறு. அது ஸ்காண்டிநேவிய மொழிகளிலோ டச்சு மொழியிலோ இருந்த ‘கிஸ்ஸ’ போன்ற ஒரு வடிவத்தின் வழியாக வந்தது. ‘கெட்’ என்பதற்கு அது உடன்பிறந்த சொல், பிள்ளை அன்று. ‘கெத்த’ என்பதற்கே ஊகித்தல் என்ற பொருளும் இருந்ததால் நான் அவசரப்பட்டுவிட்டேன்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. வேர் முழுவதும் வெளியிலிருந்து வந்ததாக என் குறிப்பு ஓர் எண்ணத்தைக் கொடுக்கிறது. தனித்த வினைதான் நார்ஸிலிருந்து வந்தது. அதே வேர் பழைய ஆங்கிலத்தில் முன்னொட்டுகளோடு ஒட்டி ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தது. முயன்று அடைதலைக் குறித்த ‘பெயெத்தன்’, மறத்தலைக் குறித்த ‘ஃபோர்யெத்தன்’, உணர்ந்துகொள்ளுதலைக் குறித்த ‘ஒன்யெத்தன்’ ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் ககரம் யகரமாக மெலிந்திருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனியாகத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 11

இந்த நான்கு நாட்களும் ‘பெறு’ என்ற நம் வினையோடு கழிந்தன. கேள்வி கேட்டவர் ‘கிட்டு’ என்பதைக் கொண்டுவந்ததற்குப் பதிலாக ‘பெறு’ என்பதைக் கொண்டுவந்திருந்தால் என் முதல் குறிப்பு இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. உறவு அப்போதும் இல்லைதான். ஆனால் உறவில்லாத இரண்டு சொற்கள் ஒரே பாதையில் நடந்திருப்பதைக் கண்டு திகைத்திருப்பேன்.

முயன்று அடைதல் என்ற பொருள் கொண்டிருந்த ‘பெயெத்தன்’ என்ற பழைய வினை, சுமார் 1200ஆம் ஆண்டளவில் குழந்தைக்குத் தந்தையாதல் என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டது. இன்று அது ‘பிகெட்’. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியின் தொடக்கம் முழுவதும் இதன் இறந்தகால வடிவமான ‘பிகேட்’ அடுக்கடுக்காக வருகிறது. தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் “ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான்” என்று வருகிறது. அடைதலைக் குறிக்கும் வினையே மகவைப் பெறுதலையும் குறிக்கிறது.

அதைவிட அழகான இடம் ஆதியாகமத்தின் 4ஆம் அதிகாரத்தின் முதல் வசனம். ஏவாள் காயீனைப் பெற்றெடுத்த பிறகு சொல்கிற சொல் 1611ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் ‘ஐ ஹாவ் காட்டன் எ மேன்’ என்று இருக்கிறது. தமிழில் “ஒரு மனுஷனைப் பெற்றேன்”. எபிரேய மூலத்தில் அது ஒரு சொல் விளையாட்டு: அடைந்தேன் என்பதற்கு ‘கானீத்தி’, பிள்ளையின் பெயர் ‘காயின்’. அந்த ஒலிநயத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுவர இயலவில்லை, தமிழுக்கும் கொண்டுவர இயலவில்லை. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பில் “காயீனைப் பெற்று” என்று முன்னே ஒருமுறையும் “பெற்றேன்” என்று பின்னே ஒருமுறையும் ஒரே வினை இரண்டு பொருளில் வந்து, மூலத்தின் நயத்தில் ஒரு பகுதியை வேறு வழியில் மீட்டுக் கொடுத்துவிடுகிறது. இதை நான் கவனித்தது இந்த வாரம்தான். எத்தனையோ முறை படித்த வரி.

திருக்குறளின் 61ஆம் குறளும் இதே இணைப்பின் மேல்தான் நிற்கிறது. ‘பெறுமவற்றுள்’ என்று தொடங்கி ‘மக்கட்பேறு’ என்று போகிறது. அடையத்தக்கவை அனைத்தும் முதற்சொல்லில், பிள்ளைகள் பிற்சொல்லில், இரண்டையும் கட்டி நிற்பது ஒரே வினை. வேறு மொழிக்கு இதைக் கொண்டுபோகிறவர் இந்தக் கட்டை இழக்காமல் போவது கடினம்.

பிப்ரவரி 12

ஒருவர் எழுதியிருக்கும் மறுப்பு சரியானது. ‘பிகெட்’ பெரும்பாலும் தந்தைக்கு உரிய வினை. ‘பெறு’ நம் வழக்கில் பெரும்பாலும் தாய்க்கு உரியது. ‘ஆபிரகாம் பெற்றான்’ என்ற தொடர் தமிழ்க் காதுக்குச் சற்று அயலாகக் கேட்பதற்குக் காரணமும் அதுவே. ‘பெற்றோர்’ என்ற சொல்லில் இருவரும் அடங்குவதால் நான் அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். பாதை ஒன்றுதான், நடந்தவர் வேறு என்று திருத்திக்கொள்கிறேன்.

பிப்ரவரி 15

இனி என் தொழிலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துப்பறியும் கதையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். வழக்கின் முக்கியச் சாட்சி திடீரென்று பேச மறுக்கிறான். அதற்கு அடுத்த வரியில் காவல் அதிகாரி ‘தே காட் டு ஹிம்’ என்கிறார். ‘அவர்கள் அவனிடம் வந்து சேர்ந்துவிட்டார்கள்’ என்று எழுதினேன். அவர் சொன்னது, மிரட்டியோ பணம் கொடுத்தோ சாட்சியை வளைத்துவிட்டார்கள் என்பது. என் வரியைப் படித்தவருக்குக் கதையில் யாரோ பயணம் செய்து வந்ததாகத் தோன்றியிருக்கும். அடுத்த 3 அத்தியாயங்களில் சாட்சியின் மௌனத்துக்குக் காரணமே இல்லாமல் போயிருக்கும். அச்சுக்குப் போகும் முன் பதிப்பாசிரியர் கண்டுபிடித்தார். அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

நாம் ஏன் இந்த வினையில் இவ்வளவு தடுமாறுகிறோம் என்று அப்போதிருந்து யோசித்துவருகிறேன். கடிதம் வந்தது, புத்தகம் வாங்கியது, பரிசு பெற்றது, தண்ணீர் எடுத்துவந்தது, சளி பிடித்தது ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலம் ‘ஐ காட்’ என்று தொடங்கலாம். தமிழ் இவற்றைச் சொல்லால் மட்டும் பிரிப்பதில்லை, வேற்றுமை உருபாலும் பிரிக்கிறது. நான் முனைந்து செய்தால் ‘நான் வாங்கினேன்’. என் முயற்சி இல்லாமல் வந்தால் ‘எனக்குக் கிடைத்தது’, ‘எனக்குச் சளி பிடித்தது’. செயலில் என் விருப்பம் இருந்ததா இல்லையா என்பதை நம் மொழி வாக்கியத்தின் முதற்சொல்லிலேயே கேட்டுவிடுகிறது. ஆங்கிலம் எழுவாயை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, விருப்பம் இருந்ததா என்பதைச் சூழலிடம் விட்டுவிடுகிறது. ஆகவே ‘கெட்’ என்பதைத் தமிழாக்குகிறவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி எந்தச் சொல்லைப் போடுவது என்பதன்று, ‘நான்’ என்பதா ‘எனக்கு’ என்பதா என்பது. இந்த ஒழுங்கை நான் முன்பே அறிந்திருந்தால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

பிப்ரவரி 19

செயப்பாட்டு வினைக்கு வருகிறேன். இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையை ‘பி’ என்ற துணைவினையால் அமைப்பது பழைய முறை. 17ஆம் நூற்றாண்டிலிருந்து ‘கெட்’ என்பதாலும் அமைக்கிறார்கள். ‘ஹீ வாஸ் ஃபயர்ட்’ என்பதும் ‘ஹீ காட் ஃபயர்ட்’ என்பதும் வேலை போனதைத்தான் சொல்கின்றன. ஆனால் இரண்டாவதில் நிகழ்ந்தது அவன்மேல் வந்து விழுந்தது என்ற உணர்வு கூடுதலாக இருக்கிறது. சில இடங்களில் அவனே அதைத் தேடிக்கொண்டான் என்ற சாயலும் சேர்ந்துவிடும். பெரும்பாலும் தீயவற்றுக்கு, சில நேரங்களில் பதவி உயர்வு போன்ற நல்லவற்றுக்கு. நடுநிலையான செய்திக்கு அது அவ்வளவாக வருவதில்லை.

தமிழில் நாம் ‘படு’ என்பதைப் போடுகிறோம்: ‘அழைக்கப்பட்டார்’. படுதல் என்பதில் விழுதலும் துன்புறுதலும் இருக்கின்றன. ‘அடிபட்டான்’, ‘துன்பப்பட்டான்’, ‘பாடுபட்டான்’ ஆகியவற்றில் அது வெளிப்படை. இதனால்தானோ என்னவோ, பெருமைக்குரிய செய்தியை எழுதும்போது நம்மில் பலர் ‘படு’ என்பதை விலக்கி ‘பெறு’ என்பதை வைக்கிறோம்: ‘விருது வழங்கப்பெற்றது’, ‘அழைக்கப்பெற்றார்’. அப்படியானால் ‘கெட்’ என்பதால் அமையும் செயப்பாட்டு வினை நமக்குப் புதிதே அன்று. நாமும் அடைதலைக் குறிக்கும் வினையால் செயப்பாட்டு வினையை அமைக்கிறோம். ஆங்கிலம் ஒரே சொல்லைத் தீமைக்கும் நன்மைக்கும் வைத்துக்கொண்டது. நாம் தீமையின் நிழல் உள்ள ‘படு’ என்பதையும் பேற்றின் ஒளி உள்ள ‘பெறு’ என்பதையும் தனித்தனியே வைத்துக்கொண்டோம். வியட்நாமிய மொழியிலும் இதே பிரிவினை உண்டு: நல்லது நேர்ந்தால் அடைதலைக் குறிக்கும் சொல், தீயது நேர்ந்தால் துன்புறுதலைக் குறிக்கும் சொல். வேல்ஸ் மொழியில் செயப்பாட்டு வினையே அடைதலைக் குறிக்கும் ‘காயில்’ என்ற வினையால் அமைகிறது.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். ‘ஐ காட் டு சீ ஹிம்’ என்ற வாக்கியத்துக்கு ‘அவரைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது’ என்று நீட்டி எழுதிக்கொண்டிருந்தேன். ‘அவரைக் காணப்பெற்றேன்’ என்று இரண்டே சொல்லில் நம் பழைய நடை அதைச் சொல்லிவிடுகிறது. நார்ஸ் வினையின் வழிவந்த ஐஸ்லாந்து மொழியில் ‘கெத்த’ என்பது இன்று ‘இயலும்’ என்ற பொருளிலேயே வழங்குகிறது. செய்யப்பெறுதல் செய்ய இயலுதலாக மாறுவதற்குத் தொலைவு அதிகமில்லை.

பிப்ரவரி 20

‘வாங்கு’ என்பதை விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர் நினைவூட்டியிருக்கிறார்கள். உண்மைதான். ‘அடி வாங்கினான்’, ‘திட்டு வாங்கினான்’ என்பவை ஆங்கிலப் பயன்பாட்டோடு சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றன. பழந்தமிழில் வாங்குதல் என்றால் வளைத்தல், இழுத்தல். வில்லை வாங்கினான் என்றால் நாணை இழுத்து வளைத்தான் என்று பொருள். ‘மூச்சு வாங்குகிறது’ என்பதில் அந்த இழுப்பு இன்னும் கேட்கிறது. இங்கேயும் கையின் செயலிலிருந்துதான் அடைதல் பிறந்திருக்கிறது.

பிப்ரவரி 26

சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி 3 வாரங்கள் ஆகிவிட்டன.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு ஆட்சி, சட்டம், கல்வி ஆகியவற்றின் சொற்கள் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தன. ‘அப்டெய்ன்’, ‘ரிசீவ்’, ‘அக்வயர்’ மூன்றும் அந்த வழியில் வந்தவை. வீட்டிலும் வயலிலும் புழங்கிய ‘கெட்’ தாழ்ந்ததாகவும், மேலிருந்து வந்தவை உயர்ந்தவையாகவும் மதிக்கப்பட்டதற்கு அந்த வரலாறு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். துல்லியம் வேண்டிய இடத்தில் துல்லியமான வினையைத் தேடச் சொல்வது நல்ல ஆசிரியரின் வேலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சொல்லே இழிவானது என்று கற்பிப்பதைத்தான் ஏற்க மாட்டேன்.

‘ஐ கெட் இட்’ என்று எழுதினால் கொச்சை, ‘ஐ காம்ப்ரிஹெண்ட்’ என்று எழுதினால் செம்மை என்று சொல்வார்கள். முதல் குறிப்பில் சொன்ன ‘ப்ரெஹெந்தெரே’ என்பதைத் திரும்பப் பாருங்கள். ‘காம்ப்ரிஹெண்ட்’ என்பதற்குள் இருப்பது அதே ‘ஹெந்த்’. கொச்சை என்று அடிக்கப்பட்ட சொல்லும் செம்மை என்று புகழப்பட்ட சொல்லும் ஒரே வேரின் பிள்ளைகள். ஒன்று வடகடல் வழியாகவும் மற்றது ரோம் வழியாகவும் வந்து ஒரே பக்கத்தில் சந்திக்கின்றன. கைது செய்தலைக் குறிக்கும் ‘அப்ரிஹெண்ட்’, பிரெஞ்சு வழியாக உருமாறி வந்த ‘ப்ரிஸன்’, ‘சர்ப்ரைஸ்’ ஆகியவையும் அதே குடும்பம்.

பிப்ரவரி 7 அன்று குறித்துக்கொள்ளச் சொன்ன ‘ஒன்யெத்தன்’ இங்கே பொருந்துகிறது. பழைய ஆங்கிலத்தில் உணர்ந்துகொள்ளுதலுக்கு அந்தச் சொல் இருந்தது, பிறகு வழக்கொழிந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் ‘ஐ கெட் இட்’ என்ற பேச்சு வழக்கில் அதே வேர் அதே பொருளை மீண்டும் தானாக உண்டாக்கிக்கொண்டது. நாமும் ‘அது எனக்குப் பிடிபடவில்லை’ என்கிறோம். மனம் ஒரு பொருளை அறிவதைக் கையின் பிடியாகவே காண்பது ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று.

மார்ச் 2

‘கெட்’ என்பதற்கு ‘காட்டன்’ என்பது அமெரிக்கர் உண்டாக்கிய பிழை வடிவம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிழையன்று. 1611ஆம் ஆண்டு விவிலியத்திலிருந்து நான் காட்டிய வரியிலேயே அது இருக்கிறது. பிரித்தானியர் அதைக் கைவிட்டார்கள், அமெரிக்கர் காப்பாற்றினார்கள். பிரித்தானியரும் ‘ஃபர்காட்டன்’ என்பதை விடவில்லை. அமெரிக்க வழக்கில் ‘ஐ ஹாவ் காட்’ என்றால் என்னிடம் இருக்கிறது, ‘ஐ ஹாவ் காட்டன்’ என்றால் எனக்குப் புதிதாகக் கிடைத்திருக்கிறது. பயனுள்ள வேறுபாடு.

மார்ச் 9

கடைசியாக மிச்சம் இருப்பது ‘ஃபோர்யெத்தன்’, இன்றைய ‘ஃபர்கெட்’. அதன் முன்னொட்டு இங்கே கைநழுவிப் போதலைச் சுட்டுகிறது. பிடித்திருந்ததை விட்டுவிடுவது மறதி. ஜெர்மன் மொழியின் ‘ஃபெர்கெஸ்ஸன்’ இதே அமைப்பு. 1400இல் இறந்த ஆங்கிலக் கவிஞர் சாஸரின் எழுத்தில் இது ‘ஃபோர்யெட்’ என்று யகரத்தோடுதான் இருக்கிறது. பின்னர் நார்ஸ் வழிவந்த ‘கெட்’ தன் வன்மையான ககரத்தை இதற்கும் கொடுத்தது. பிள்ளை பெறுதலைக் குறிக்கும் ‘பிகெட்’ என்பதற்கும் அவ்வாறே கொடுத்தது.

‘மறந்துவிட்டேன்’ என்பதில் உள்ள ‘விடு’ நம் மொழியின் கைநழுவல் என்று எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன். ‘விடு’ எந்த வினையோடும் சேர்ந்து முடிவை உணர்த்தும். ‘பெற்றுவிட்டேன்’ என்றும் சொல்கிறோம். ஒப்புமை கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்போது அதைச் சோதிக்காமல் ஏற்க முடியாது. ‘கிட்டு’ என்பதை மறுத்த கையால் இதை எழுதினால் கேள்வி கேட்டவருக்கு நான் நேர்மையாக நடந்துகொண்டவன் ஆக மாட்டேன்.

மார்ச் 9, சற்றுப் பின்

சாட்சி பற்றிய வரியைப் பிறகு எப்படித் தமிழாக்கினேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘ஆளைப் பிடித்துவிட்டார்கள்’ என்று எழுதினேன். பதிப்பாசிரியர் ஒன்றும் மாற்றவில்லை.